96,000 ஓடிய காரா, 1,42,000 ஓடிய காரா?

“லட்சம் தாண்டாத வண்டி” என்கிற ஒரே காரணத்துக்காக நான் ஒரு தடவை டீசல் கார் ஒன்று வாங்கினேன். மீட்டரில் 94,000 சொச்சம். பெயின்ட் பளபளப்பு, சீட் கவர் புதுசு, ஏ.சி. நன்றாகக் குளிர்ந்தது. சர்வீஸ் புத்தகத்தில் 60,000-க்கு அப்புறம் முத்திரை இல்லை. “அதுக்கப்புறம் வெளியில தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட பாத்துக்கிட்டோம்” என்றார் விற்றவர். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏழாவது மாதம், விராலிமலை தாண்டி மதுரை ரோட்டில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி சட்டென்று அணைந்தது. ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் எந்தப் பாரமும் இல்லாமல் விர்ரென்று சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. இழுத்துப் போக வந்தவர் அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டார். “பெல்ட்டு போச்சு சார்” என்றார்.

டைமிங் பெல்ட். 9,000 ரூபாயில் மாற்றியிருக்க வேண்டியது. அறுந்ததும் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து, என்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி வேலை பார்த்து, பில் 68,000 வந்தது. விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். பெல்ட் மாற்றியாயிற்றா என்று நான் கேட்கவேயில்லையே.

அதனால் போன வருடம் என் மச்சினன் “நாலு லட்சத்துக்குள்ள ஒரு வண்டி பாருங்க மாமா, லட்சம் தாண்டாததா இருந்தா நல்லது” என்று வந்து நின்றபோது, அந்தக் கடைசி வரியை முதலில் மறக்கச் சொன்னேன். அவனுக்குத் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குத் தினமும் போய்வர வேண்டும். போக வர 110 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றாலே 2,750. வருடத்துக்கு 30,000 மேல் ஓட்டப்போகிறவன் 96,000-இல் வாங்கினால் என்ன, இரண்டு மாதத்தில் லட்சம் தாண்டிவிடும். அவன் பார்க்க வேண்டியது, அடுத்த 60,000 கிலோமீட்டரில் அந்த வண்டி என்னென்ன வேலை கேட்கும், அதில் எதை முந்தைய ஓனர் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார் என்பதை.

மூன்று வண்டிகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. 2014 ஸ்விஃப்ட் டிசையர் டீசல், 1,42,000 கி.மீ., கேட்ட விலை 3.70 லட்சம். 2015 போலோ 1.5 டீசல், 96,000 கி.மீ., 3.60 லட்சம். 2012 ஹோண்டா சிட்டி பெட்ரோல், வெறும் 58,000 கி.மீ., 3.75 லட்சம். மூன்றுமே நேரடியாக ஓனரிடம்தான். தரகர் கையில் இருக்கும் வண்டியை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் அங்கே வண்டியை வைத்திருந்தவரிடம் பேச முடியாது, பழைய பில்கள் பெரும்பாலும் கிடைக்காது. அதிகம் ஓடிய வண்டிக்கு அந்தப் பில்தான் பாதி வண்டி.

பெல்ட்டா செயினா

அதிகம் ஓடிய கார் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நிறத்தையும் எத்தனையாவது ஓனர் என்பதையும் அப்புறம் கேட்கலாம். என்ஜினில் கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று, அதுவும் துல்லியமாக, சுற்ற வேண்டும். இரண்டையும் கட்டிவைத்திருப்பது பெல்ட்டாகவோ செயினாகவோ இருக்கும். பெல்ட் ரப்பர். அதற்குக் கம்பெனி கையேட்டிலேயே கிலோமீட்டர் கெடு உண்டு, வருடக் கெடுவும் உண்டு, எது முன்னால் வருகிறதோ அது. கெடு என்ஜினுக்கு என்ஜின் மாறும். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் அது லட்சத்தை ஒட்டி வருவதால்தான் 90,000-க்கும் 1,00,000-க்கும் நடுவில் விற்பனைக்கு வரும் வண்டிகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். விற்கிறவருக்கு ஒரு பெரிய பில் மிச்சம், வாங்குகிறவருக்கு “லட்சம் தாண்டாத வண்டி” என்ற சந்தோஷம்.

செயினுக்கு இப்படிக் கெடு கிடையாது. ஆயிலில் நனைந்தபடி என்ஜின் ஆயுள் முழுக்க ஓட வேண்டியது. அதற்காகச் செயின் வண்டி என்றால் கவலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செயினை விறைப்பாகப் பிடித்திருக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் செயின் தேய்ந்து நீளும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் கரகரவென்று சங்கிலி உரசும் சத்தம் வரும். பெல்ட் வண்டிக்கு ஒரே ஒரு பில் போதும். செயின் வண்டிக்கு ஆரம்பத்திலிருந்து எல்லா ஆயில் பில்லும் வேண்டும்.

நம் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுபவற்றைச் சொல்கிறேன். பழைய 800 சிசி ஆல்டோ, 2010-க்கு முந்தைய 1.1 லிட்டர் வேகன்-ஆர், அதே காலத்து 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட், சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10, 2005 முதல் 2016 வரை வந்த 2.5 டீசல் இன்னோவா, 1.5 டீசல் டஸ்டர், இதெல்லாம் பெல்ட். மாருதியின் கே சீரிஸ் என்ஜின் போட்ட ஆல்டோ கே10, 2010-க்குப் பிந்தைய பெட்ரோல் ஸ்விஃப்ட், 1.2 கப்பா என்ஜின் ஐ10, ஐ20, ஹோண்டா சிட்டி, 1.4 டீசல் எட்டியோஸ், 2.4 டீசல் கிரிஸ்டா, இதெல்லாம் செயின். பேர் ஒன்றாக இருந்தாலும் என்ஜின் மாறினால் விஷயமே மாறிவிடுகிறது. ஐ10-இலேயே ஒன்று பெல்ட், ஒன்று செயின். “இன்னோவாதானே, அஞ்சு லட்சம் ஓடும்” என்பவர்கள் அது பழைய 2.5-ஆ கிரிஸ்டாவா என்று கேட்டுக்கொண்டு பேசினால் நல்லது.

எங்கள் மூன்றில் போலோ பெல்ட். மற்ற இரண்டும் செயின்.

போலோ: 96,000

ஓட்டிப் பார்த்ததில் மனசுக்குப் பிடித்தது இதுதான், மறைப்பதற்கில்லை. ஸ்டியரிங் கனம், கதவு சாத்தும் சத்தம், நெடுஞ்சாலையில் உட்காரும் விதம் எல்லாமே ஒரு படி மேல். மச்சினன் இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. ஓனர் 75,000 வரை கம்பெனி சர்வீஸ் சென்டர் பில்களை ஃபைலில் போட்டு வைத்திருந்தார். ஃபோக்ஸ்வாகனுக்கு 15,000-க்கு ஒரு சர்வீஸ். 90,000-க்கான பில் மட்டும் இல்லை. “ஆயில் மட்டும் வெளியில மாத்தினேன்” என்றார்.

“டைமிங் பெல்ட் மாத்தியாச்சா சார்?”

“அது இன்னும் லட்சம் ஆகலையே.”

கிலோமீட்டர் கணக்குப்படி அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் 2015 வண்டியில் அந்த ரப்பருக்கு வயது பத்தை நெருங்குகிறது. புதுக்கோட்டை ரோட்டில் இரண்டு மாதத்தில் லட்சமும் வந்துவிடும். ஆகவே விலை பேசும்போது பெல்ட் வேலை இன்றைக்கே வரப்போகிற செலவு என்றுதான் கணக்கு. பெல்ட்டை மட்டும் மாற்றி அனுப்புவதும் சரிவராது. டென்ஷனர், பெல்ட் உருளும் ஐட்லர், அதே பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து ஒரே தடவையில் போட வேண்டும். பம்ப் பேரிங் பிறகு இறுகினால் புது பெல்ட்டையும் அது தின்றுவிடும், திரும்ப அவ்வளவையும் கழற்ற வேண்டும்.

கிளட்ச் பெடல் மேலே வந்த பிறகுதான் பிடித்தது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினோம். ஆர்.பி.எம். முள் ஏறிய வேகத்துக்கு வண்டி போகவில்லை. கிளட்ச் பிளேட் முடியப்போகிறது என்று பாய், எங்கள் மெக்கானிக், அங்கேயே சொல்லிவிட்டார். கிளட்ச் எந்தக் கையேட்டிலும் கெடு போடாத சாமான். ஓட்டுகிறவர் காலைப் பொறுத்தது. ஊருக்குள் ஓட்டிய 96,000-உம் பைபாஸில் ஓட்டிய 96,000-உம் ஒன்றில்லை.

இன்னொரு விஷயம். 2015-இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் புகைக் கணக்கில் மோசடி செய்து மாட்டியபோது இந்தியாவிலும் இ.ஏ.189 வகை என்ஜின் போட்ட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இந்த வண்டி அதில் வருகிறதா, வந்தால் சாஃப்ட்வேர் வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லிச் சர்வீஸ் சென்டரில் கேட்டால் தெரிந்துவிடும். எந்தப் பழைய காருக்கும் இந்த ரிகால் விசாரணையைச் செய்துவிடலாம். காசு ஆகாது.

டிசையர்: 1,42,000

பார்வைக்கு மூன்றில் இதுதான் கடைசி. முன் பம்பரில் கீறல், டிரைவர் சீட் பக்கவாட்டில் நைந்திருக்கிறது, ஸ்டியரிங் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. 1,42,000 ஓடியிருக்கிறது என்றால் இப்படித்தான் இருக்கும், இப்படி இருந்தால்தான் எனக்கும் நம்பிக்கை. 45,000 என்று மீட்டர் சொல்லி பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால்தான் பயப்பட வேண்டும்.

இதற்குள் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல். மாருதி, டாடா, ஃபியட் என்று ஒரே என்ஜினை ஆளாளுக்கு ஒரு பேர் வைத்துப் போட்டதால் உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்தப் பட்டறைக்கும் அது புதுசில்லை. 2020-இல் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, ஆனாலும் சாமானுக்குப் பஞ்சம் வரவில்லை. செயின் என்ஜின். உள்ளே போகும் ஆயில் மூன்று லிட்டர் சொச்சம்தான். அளவு கொஞ்சமாக இருப்பதால் 10,000 கெடுவை 15,000 ஆக இழுத்தவர்கள் வண்டியில் செயின் சத்தம் சீக்கிரம் வருகிறது.

ஓனர் மருந்து கம்பெனி ரெப்பாக இருந்தவர். ஒரு பிளாஸ்டிக் கவரில் பில் கட்டு. மச்சினன் அதை வாங்கி அப்படியே வைத்துவிடப் பார்த்தான். நான் திண்ணையில் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கினேன். பில்லைப் படிக்கும்போது மேலே “பெய்டு சர்வீஸ்” என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கீழே சாமான் வரிசையைப் பார்க்க வேண்டும். ஆயில், ஆயில் ஃபில்டர் எல்லா பில்லிலும் இருக்கும். டீசல் ஃபில்டர் எத்தனை தடவை வந்திருக்கிறது, கூலண்ட் எப்போது, பிரேக் ஆயில் எப்போது, கியர் ஆயில் ஒரு தடவையாவது மாறியிருக்கிறதா, இதில்தான் வண்டியின் ஜாதகம். இவருடைய கட்டில் 9,000-லிருந்து 11,000-க்குள் ஒவ்வொரு தடவையும் ஆயில் மாறியிருந்தது. 80,000-இல் ஒரு தடவை மட்டும் 13,400 ஆகியிருந்தது. “கொரோனா ஊரடங்கு சார்” என்றார், தேதியும் சரியாக இருந்தது. 1,12,000-இல் கிளட்ச் செட். 1,20,000-இல் முன்சக்கரங்களைத் தாங்கும் லோயர் ஆர்ம் இரண்டும், ஸ்ட்ரட் மவுன்ட்டும். 1,31,000-இல் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்றை மட்டும் கழற்றிச் சரிசெய்திருந்தார்கள்.

அந்த இன்ஜெக்டர் பில்லைப் பார்த்ததும் மச்சினன் முகம் சுருங்கியது. எனக்கு நேர் எதிர். கோளாறு வந்து, அதைக் கவனித்து, காசு செலவழித்து, பில்லையும் எடுத்து வைத்து, விற்கும்போது அதை ஒளிக்காமல் கொடுக்கிற ஓனர் தினம் கிடைப்பதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றோம். சூடாக இருக்கும் என்ஜின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும், அதனால் பானெட்டில் கை வைத்து ஜில்லென்று இருப்பதை உறுதி செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். பாய் செயின் கவர் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நொடி லேசான உரசல், அப்புறம் அடங்கிவிட்டது. “இதுக்கு இது நார்மல். ரெண்டு மூணு செகண்ட் தொடர்ந்து வந்தாத்தான் செயின் செட்டு” என்றார். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். டீசல் வண்டிக்கு உரிய கருப்புதான், ஆனால் தார் மாதிரி படிந்திருக்கவில்லை. தயிர் ஆடை போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம், கேஸ்கெட் பக்கம் சந்தேகம் போகும். அதுவும் இல்லை. கூலண்ட் டப்பாவில் நிறம் தெளிவாக இருந்தது. நம் ஊரில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. உப்புத் தண்ணீர் இரண்டு வருடம் ஓடினால் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் செம்மண் குழம்பு மாதிரி துரு வரும். அப்படி ஒரு வண்டியைக் கரூரில் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தோம்.

சிட்டி: 58,000

இது ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியின் வண்டி. பதின்மூன்று வருடத்தில் 58,000. முதலில் மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்றுதான் தோன்றியது. ஆனால் வருடத்துக்கு ஒரு சர்வீஸ் பில் வரிசையாக இருந்தது, எண்கள் நாலாயிரம் ஐயாயிரமாக ஒழுங்காக ஏறியிருந்தன. அலைன்மென்ட் கடை சீட்டில் எழுதியிருந்த கிலோமீட்டரும் பொருந்தியது. உண்மையான 58,000.

கொஞ்சமாக ஓடிய பழைய வண்டியில் ஆபத்து கிலோமீட்டர் பக்கம் வராது, காலண்டர் பக்கம் வரும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இந்தப் பில் கட்டில் பிரேக் ஆயில் என்ற வரி ஒரே ஒரு தடவைதான் இருந்தது. கூலண்ட் ஹோஸை அமுக்கினால் விறகு மாதிரி விறைப்பு. என்ஜின் மவுன்ட் ரப்பர் வெடித்திருந்ததால் ஐட்லிங்கில் ஸ்டியரிங் அதிர்ந்தது. ஸ்பார்க் பிளக் மாற்றிய வரியையும் பில்லில் காணோம். வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி, பார்த்த தடமும் இல்லை. ஹோண்டாவில் அது அவ்வப்போது பார்த்துச் சரிசெய்ய வேண்டிய ஒன்று.

டயர்களில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடு, முக்கால்வாசி இருந்தது. “டயர் சூப்பரா இருக்கே மாமா” என்றான் மச்சினன். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்ணைத் தேடிப் படிக்கச் சொன்னேன். 2217. 2017-ஆம் வருடத்தின் 22-ஆவது வாரம். வெயிலில் நின்றே வயதாகிப்போன டயர். பட்டன் அடியில் பொடி வெடிப்புகள், விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். புதுக்கோட்டை ரோட்டில் மே மாத மதியத்தில் நூறில் போக இது ஆகாது.

இந்த வண்டிக்கும் ரிகால் கேள்வி உண்டு. டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக் விவகாரத்தில் ஹோண்டா இந்தியாவில் திரும்ப அழைத்தவற்றில் 2012, 2013-இல் தயாரான சிட்டி கார்களும் இருந்தன. ஏர்பேக்கை விரிக்கும் இன்ஃப்ளேட்டர் வெடித்து உலோகத் துண்டுகள் தெறிக்கலாம் என்பதால் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். ஓனரிடம் அதற்கான சீட்டு இருந்தது. இல்லாவிட்டால் மாற்றிய பிறகு பேசலாம் என்றிருப்பேன்.

கடைசியாக, 2012 வண்டி என்றால் ஆர்.சி.யின் 15 வருடம் 2027-இல் முடிகிறது. எஃப்.சி. காட்டி ஐந்து வருடம் நீட்டிக்கலாம், ஆனால் புதுப்பிப்புக் கட்டணமே 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது. அதற்கு மேல் பசுமை வரி, காட்டுவதற்கு முன் பெயின்ட், தட்டுமுட்டு வேலைகள்.

கணக்கு

பாயை உட்கார வைத்து மூன்றுக்கும் ஒரு சீட்டு போட்டோம். வெளிப் பட்டறைக் கூலி, திருச்சி விலை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

டிசையருக்கு உடனே வேண்டியது: முன் டயர் இரண்டு 9,500, பிரேக் பேடும் டிஸ்க்கும் 5,500, எல்லா ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய முழு சர்வீஸ் 8,000. மொத்தம் 23,000. போலோவுக்கு பெல்ட் கிட், வாட்டர் பம்ப் 19,000, கிளட்ச் செட் 21,000, முன்பக்கப் புஷ், லிங்க் ராட் 8,000, விட்டுப்போன சர்வீஸ் 9,000. மொத்தம் 57,000. சிட்டிக்கு நான்கு டயர் 22,000, பேட்டரி 5,500, மவுன்ட்டும் ஹோஸ்களும் 9,000, பிளக்கோடு சேர்த்து எல்லாத் திரவமும் 8,500. மொத்தம் 45,000.

கேட்ட விலையோடு கூட்டினால் டிசையர் 3.93, போலோ 4.17, சிட்டி 4.20 லட்சம். மச்சினன் அப்போதே டிசையர் என்று முடிவு கட்டிவிட்டான். நான் விடவில்லை. வரும் என்று தெரிந்த செலவு இவ்வளவு, வரலாம் என்ற செலவு தனி. டீசலில் இன்ஜெக்டர், டர்போ, செயின் என்று ஏதாவது ஒன்று 1,42,000-க்கும் 2,00,000-க்கும் இடையில் கதவைத் தட்டாமல் இருக்காது. அதற்கு டிசையருக்கு 40,000 ஒதுக்கினேன். போலோவுக்கு 30,000. சிட்டி பெட்ரோலுக்கு 10,000 போதும். இப்போது பார்த்தால் டிசையர் 4.33, போலோ 4.47, சிட்டி 4.30. சிட்டி மயிரிழையில் முந்துகிறது! “அப்ப சிட்டியே வாங்கிடலாமா?” என்றான்.

பெட்ரோல், டீசல் செலவைக் கணக்கில் சேர்ப்பது இன்னும் பாக்கி இருந்தது. வருடம் 30,000 கி.மீ. சிட்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 15 கொடுத்தால் 2,000 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 2,02,000. டிசையர் டீசல் 20 கொடுத்தால் 1,500 லிட்டர், 93 ரூபாய்க்கு 1,39,500. வருடத்துக்கு 62,500 வித்தியாசம். நான் ஒதுக்கி வைத்த 40,000 முதல் வருடத்திலேயே திரும்பிவிடும். இதே ஆள் வருடம் 7,000 மட்டும் ஓட்டுகிறவனாக இருந்தால் வித்தியாசம் 15,000-கூட வராது. ஒரு இன்ஜெக்டர் கோளாறு அதை விழுங்கிவிடும், அவனுக்கு டீசலே வேண்டாம் என்றிருப்பேன்.

போலோவை விட்டதில் அவனுக்கு இன்னும் வருத்தம் உண்டு. 57,000-க்கு வேலை இருக்கிறது என்று சீட்டைக் காட்டி 3.15-க்குக் கேட்டோம். ஓனர் 3.45-க்குக் கீழே இறங்கவில்லை. பெல்ட்டும் கிளட்ச்சும் மாற்றிய பில்லோடு அதே வண்டி 1,10,000 ஓடியதாக வந்திருந்தால், நான் இன்னும் 20,000 கூடுதலாகக் கொடுத்தே வாங்கச் சொல்லியிருப்பேன்.

இந்த மூன்றிலும் ஆட்டோமேட்டிக் இல்லை, 2020-க்குப் பிந்தைய டீசலும் இல்லை, எங்களுக்கு வேலை குறைந்தது. ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லை முதலில் கேளுங்கள். “லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்” என்ற பேச்சை ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியில் நான் நம்பமாட்டேன். பி.எஸ்.6 டீசல் என்றால் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி உண்டு. ஊருக்குள்ளேயே சுற்றிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், அதன் விலை கேட்டால் தலை சுற்றும்.

டிசையர் 3.52-க்கு முடிந்தது. ஆர்.சி. பேர் மாற்றும் 29, 30 ஃபாரங்களில் கையெழுத்து வாங்கி, இன்சூரன்ஸையும் பேர் மாற்ற எழுதிக் கொடுத்த கையோடு வண்டி நேரே பாயின் பட்டறைக்குப் போனது. புது ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில். பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்ற கணக்கு அன்றோடு முடிந்தது, இனி எல்லாம் 1,42,610-லிருந்து. பாய் பானெட் உள்பக்கம் வெள்ளை மார்க்கரில் அந்த எண்ணை எழுதிவைத்தார்.

சிட்டியும் வெளியே போகவில்லை. என் சித்தப்பாவுக்கு மாதம் இரண்டு தடவை சமயபுரம், எப்போதாவது ஸ்ரீரங்கம், வருடத்துக்கு ஒரு தடவை கும்பகோணம், அவ்வளவுதான் ஓட்டம். டயருக்கும் மவுன்ட்டுக்கும் 35,000 கழித்துக்கொண்டு 3.40-க்குப் பேசி வாங்கிக் கொடுத்தேன். நான்கு டயரும் மாற்றிய பிறகுதான் சாவியை அவர் கையில் கொடுத்தேன். “அதான் பட்டன் இருக்கேடா” என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.